திருப்பாடலுக்கு மெட்டு: சபை ஏன் பல்லவியிலேயே தடுமாறுகிறது?

சங்கீதம் 23ஐ (கத்தோலிக்கர் சங்கீதத்தைத் திருப்பாடல் என்பார்கள்) கொழும்பில் ஒரே ஞாயிற்றுக்கிழமை வெவ்வேறு ஆலயங்களில் கேட்டால், அது ஒரே பாட்டுத்தானா என்ற ஐயம் வரும். கத்தோலிக்கத் திருப்பலியில் ஒருவர் வாசக மேடையில் நின்று பாட, மக்கள் ஒரு வரியைத் திருப்பிச் சொல்கிறார்கள். அங்கிலிக்கன் ஆராதனையில் ஓகன் ஒலிக்க வசனம் வசனமாக ஓதுகிறார்கள். மெதடிஸ்த ஆலயத்தில் அதே சங்கீதம் கீர்த்தனையாகி, கைத்தாளத்தோடு வருகிறது. இதற்கிடையே பாடகர் குழுக்களில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. எல்லோருக்கும் தெரிந்த பக்திப் பாடல் இருக்க வாராவாரம் புது மெட்டு எதற்கு? ஆங்கில மெட்டிலேயே தமிழ்ச் சொல்லைப் போட்டால் என்ன? ஒரு புத்தகத்தில் 23 என்று இருப்பது இன்னொன்றில் 22 என்று இருப்பது ஏன்?

கடைசிக் கேள்வி எளிது. மற்ற இரண்டுக்கும் விடை வழிபாட்டு விதியிலும், தாளத்திலும், மாத்திரையிலும் (எழுத்தின் ஒலி நீளத்திலும்) இருக்கிறது.

எண் ஏன் மாறுகிறது

எபிரேய மூலத்தின் 9, 10 இரண்டையும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்றாகச் சேர்த்துவிட்டது. 114, 115 இரண்டும் அப்படியே. பதிலுக்கு 116ஐயும் 147ஐயும் இரண்டிரண்டாக வெட்டியது. வுல்காத்தா என்ற இலத்தீன் மொழிபெயர்ப்பு கிரேக்க எண்ணைப் பின்பற்றியது. பழைய கத்தோலிக்க நூல்கள் வுல்காத்தாவைப் பின்பற்றின. அதனால் நடுவில் உள்ள பெரும்பாலானவை ஒன்று குறைந்து நிற்கும். முதல் எட்டும் கடைசி மூன்றும் மட்டும் எங்கும் ஒரே எண்தான். பழைய இசைத்தாளை எடுக்கும்போது எண்ணை நம்பாமல் முதல் வரியை வாசித்துப் பார்த்துவிடுவது நல்லது.

மெட்டு வைக்கும் அலகு: அரை வசனம்

திருப்பாடல்கள் 150. அவற்றில் 55இன் தலைப்பில் ‘இராகத் தலைவனுக்கு’ என்ற குறிப்பு உண்டு. சிலவற்றுக்கு மெட்டின் பெயர்கூட இருக்கிறது. ஆனால் அந்த மெட்டுகள் நம் கைக்கு வரவில்லை. வந்து சேர்ந்தது கவிதையின் அமைப்பு மட்டுமே.

அந்த அமைப்பில் எதுகை, மோனை கிடையாது. அடிக்கு இத்தனை சீர் என்ற வரையறையும் இல்லை. ஒரு கருத்தை முதல் பாதி சொல்லும். அடுத்த பாதி அதை வேறு சொல்லில் திருப்பும், எதிர்நிலையில் வைக்கும், அல்லது ஒருபடி மேலே கொண்டுபோகும். சங்கீதம் 23இல் ‘ஆண்டவரே என் ஆயர்’ ஒரு பாதி. ‘எனக்கேதும் குறையில்லை’ மறு பாதி. எனவே மெட்டமைப்பவர் கையில் எடுக்க வேண்டிய அலகு இந்த அரை வசனம். இரண்டு பாதிகளுக்கு நடுவே மூச்சு விழ வேண்டும். அந்த மூச்சு இல்லாத மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் திருப்பாடலுக்கு ஆகாது.

வழிவழியாக வந்த நான்கு முறைகள்

1. யாப்பில் திருப்பி எழுதுவது. சங்கீதத்தைச் சமமான அடிகளாக மாற்றி எழுதி, ஒரே மெட்டில் எல்லா அடிகளையும் சபையே பாடுவது. ஜெனீவா சங்கீத நூல் 1562இல் 150 சங்கீதங்களோடும் நிறைவு பெற்றது. அந்த மரபைச் சேர்ந்த டச்சுச் சீர்திருத்தச் சபையின் கொழும்பு ஆலயம்தான் 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்பெண்டால் ஆலயம். ஸ்கொட்லாந்தின் 1650ஆம் ஆண்டு நூலும் இவ்வகையே. சபை முழுவதும் பாட இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அடியை நிரப்ப வேதத்தில் இல்லாத சொல் உள்ளே வரும்.

2. ஓதுமெட்டு. வசனம் எவ்வளவு நீண்டாலும் ஒரே ஸ்வரத்தில் ஓதிக்கொண்டு போய், முடிவில் மட்டும் சில ஸ்வரங்கள் அசைவது. கிரகோரியன் எனப்படும் பழைய இலத்தீன் வழிபாட்டு இசை மரபில் இதற்கு எட்டு வாய்ப்பாடுகளும் அவற்றுக்கு வெளியே ஒன்றும் உண்டு. அங்கிலிக்கன் ஒற்றை மெட்டில் பத்து ஸ்வரம்: முதல் பாதிக்கு நான்கு, பிற்பாதிக்கு ஆறு. இரட்டை மெட்டில் இருபது. மூலச் சொல்லை ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பலன்.

3. பதிலுரைப் பாடல். ஒருவர் சரணங்களைப் பாட, சபை பல்லவியை மட்டும் பாடுவது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வந்த வாசக நூல் இதைத் திருப்பலியின் நிலையான பகுதியாக்கியது.

4. கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கர்நாடக வடிவம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் பாடல்கள் 1853இல் எட்வர்ட் வெப் வெளியிட்ட தொகுப்பின் வழியே சபைகளில் பரவின. இவற்றில் சங்கீதத்தின் கருத்து இருக்கும். சங்கீதத்தின் சொல் பெரும்பாலும் இருக்காது.

பக்திப் பாடல் பற்றிய கேள்விக்கு இங்கேயே பாதி விடை இருக்கிறது. கத்தோலிக்க வழிபாட்டு விதியின்படி பதிலுரைத் திருப்பாடலின் இடத்தில் வேறு பாடல் வைக்கக்கூடாது. அது அன்றைய முதல் வாசகத்துக்குச் சபை கொடுக்கும் விடை, அதுவும் இறைவார்த்தையே என்பது காரணம். மூன்று ஆண்டுச் சுழற்சியில் வாசகம் மாறுவதால் பாடலும் மாறுகிறது. வாராவாரம் புது மெட்டுக்குத் தெம்பில்லாத பங்குகளுக்கு விதியிலேயே வழி உண்டு: திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் என்று பருவத்துக்குப் பொதுவான பல்லவிகளும் திருப்பாடல்களும் தரப்பட்டிருக்கின்றன. பருவத்துக்கு ஒன்றாகப் பழக்கினால் ஆண்டுக்கு ஏழெட்டு மெட்டு போதும்.

ஒரு பல்லவியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம்

தமிழில் மெட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது குறிலும் நெடிலும். சந்தக் கணக்கில் தனிக் குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கும், ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒன்றாகும்.

‘ஆண்டவரே என் ஆயர்’: ஆண் 2, ட 1, வ 1, ரே 2, என் 2, ஆ 2, யர் 2. மொத்தம் 12.

‘எனக்கேதும் குறையில்லை’: எ 1, னக் 2, கே 2, தும் 2, கு 1, றை 1, யில் 2, லை 2. மொத்தம் 13.

ஆதி தாளத்தில் எண்ணிக்கை 8. ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், 16. பாதிக்கு ஒரு ஆவர்த்தனம் கொடுத்தால் இரண்டும் அடங்கும். மூச்சுக்கும் இடம் மிஞ்சும். ஆனால் பிற்பாதியைச் சமத்தில், அதாவது முதல் தட்டிலேயே தொடங்கினால் சிக்கல். ‘எ’ ஒரு மாத்திரைதான் என்பதால் ‘னக்’, ‘கே’, ‘தும்’ மூன்றும் தட்டுக்குத் தட்டு அரை இடம் தள்ளி விழும். பாடகர் குழு சமாளித்துவிடும். சபை இரண்டாம் முறையிலேயே ‘எ’யை இழுத்து ‘ஏனக்கேதும்’ என்று பாடத் தொடங்கிவிடும். தீர்வு, ‘எ’யை முந்திய ஆவர்த்தனத்தின் கடைசி அரை எண்ணிக்கைக்குத் தள்ளுவது.

முதல் ஆவர்த்தனம்
1 ஆண் / 2 ட வ / 3 ரே / 4 என் / 5 ஆ / 6 யர் / 7 நீட்டல் / 8 மூச்சு, பின் ‘எ’

இரண்டாம் ஆவர்த்தனம்
1 னக் / 2 கே / 3 தும் / 4 கு றை / 5 யில் / 6 லை / 7 நீட்டல் / 8 மூச்சு

இப்போது நெடிலும் ஒற்றடுத்த எழுத்தும் எல்லாம் எண்ணிக்கையின் தலையில் வருகின்றன. ‘ஆயர்’ என்ற சொல் ஐந்தாவது எண்ணிக்கையில், அதாவது தாளத்தின் முதல் பாதியான லகு முடிந்து பிற்பாதியான துருதம் தொடங்கும் தட்டில் விழுகிறது. இரண்டு பாதிகளும் ஆறாவது எண்ணிக்கையிலேயே முடிகின்றன. இந்த அமைப்பு கிடைத்துவிட்டால் ராகம் எதுவானாலும் சபை தவறாது.

மோகன ராகத்தில் ஒரு மாதிரி (ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்து வருவது அதன் ஸ்வரம்): ஆண் க, ட க, வ ப, ரே ப, என் த, ஆ மேல் ச, யர் த; எ ப, னக் த, கே ப, தும் க, கு ப, றை க, யில் ரி, லை ச. உச்சம் ‘ஆயர்’ மேல் வருகிறது. பிற்பாதி இறங்கி ஆதார ஸ்வரத்தில் அமர்கிறது. எங்கும் பெரிய தாவல் இல்லை.

இதே கணக்கைப் பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பில் போட்டுப் பாருங்கள். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ 17 மாத்திரை. ‘நான் தாழ்ச்சியடையேன்’ 9. முதல் பாதி ஆவர்த்தனத்தை மீறுகிறது; அடுத்தது பாதியில் தீர்ந்துவிடுகிறது. ஒரே சங்கீதம் என்பதால் மெட்டையும் இரவல் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இந்த வரிக்குத் தாளமில்லாத ஓதுமெட்டே பொருத்தம்.

ஆங்கில மெட்டும் மும்மொழி வழிபாடும்

ஆங்கிலப் பாட்டில் சொல்லின் அழுத்தம் தட்டில் விழ வேண்டும். உயிரை நீட்டினாலும் குறுக்கினாலும் பொருள் பெரிதாகக் கெடாது. தமிழில் அழுத்தம் மெலிது. நீளம்தான் பொருளைக் காக்கிறது. திருப்பாடல் 121இன் ‘மலைகளை நோக்கி’ என்பதை, முதல் ஸ்வரம் இரட்டிப்பு நீளமுள்ள ஒரு மேற்கத்திய மெட்டில் வைத்தால் சபை பாடுவது ‘மாலைகளை நோக்கி’. அச்சில் சரியாக இருந்தாலும் காதில் விழுவது அதுவே.

மெட்டு கட்டாயம் நீளம் கேட்டால் எந்த எழுத்தில் கொடுப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நெடில். அது இல்லையேல் ன், ம், ங், ல் போன்ற ஒலி தொடரக்கூடிய ஒற்று. க், ட், த், ப் அடுத்த குறிலை நீட்டவே கூடாது. அங்கே ஸ்வரத்தைச் சுருக்கமாக விட்டு மௌனம் வைக்க வேண்டும். தனிக் குறிலுக்கு நீட்டல் கிடையாது.

கொழும்பின் தேவை இன்னும் சிக்கலானது. பெருவிழாக்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே வழிபாட்டில் வரும். ஒரு மெட்டை ஆங்கிலத்துக்கு அமைத்துவிட்டு மற்ற இரண்டையும் அதில் திணிப்பதே வழக்கமாகிவிட்டது. சிங்களத்திலும் குறில், நெடில் வேறுபாடு உண்டு என்பதால் இரண்டு மொழிகளுமே அடிபடுகின்றன. இதைவிட நல்ல வழி: தாளமும் ஆவர்த்தன எண்ணிக்கையும் தொடக்க ஸ்வரமும் முடிவு ஸ்வரமும் பொதுவாக இருக்கட்டும், நடுவில் ஸ்வரங்கள் எத்தனை எழுத்துக்கு எப்படிப் பிரிகின்றன என்பதை ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுதுங்கள். ஓகன் வாசிப்பவருக்கு ஒன்றும் மாறாது. பாடுபவருக்கு அவரவர் மொழி கெடாது.

ராகமும் சுருதியும்

சபைக்கு ஏற்ற ராகத்துக்கு ஒரே சோதனை: கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் நேர் ஸ்வரமாகப் பாடினாலும் ராகம் அடையாளம் தெரிகிறதா? மோகனம், ஹம்ஸத்வனி, மத்யமாவதி, சுத்த தன்யாசி, சங்கராபரணம், ஹரிகாம்போதி, நடபைரவி எல்லாம் தேறும். தோடி, சஹானா, முகாரி தேறாது. அவை ஒருவர் பாடும் சரணத்துக்கு ஆகலாம், பல்லவிக்கு ஆகாது.

துக்கம் என்றாலே சிவரஞ்சனி என்று கை போவது சினிமாப் பழக்கம். புலம்பல் திருப்பாடல்கள் பெரும்பாலும் புலம்பலில் முடிவதில்லை. 13ஆவது ஆறே வசனம்தான், ஐந்தாவதிலேயே நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. 22ஆவதும் பிற்பகுதியில் புகழ்ச்சியாகிறது. கடைசிவரை இருளிலேயே நிற்பது 88. எனவே பல்லவி வரி பாடலின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்த பிறகே ராகத்தை முடிவுசெய்ய வேண்டும்.

ஆணும் பெண்ணும் முதியவரும் சேர்ந்து பாடும் சபைக்கு 2 கட்டை, அதாவது டி சுருதி, பாதுகாப்பானது. கீழ் பஞ்சமத்திலிருந்து (ப) மேல் ஷட்ஜம் (ச) வரை பல்லவி அடங்கட்டும். அதற்கு மேலே போனால் பின்வரிசையில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தனிப்பாடகரின் குரலுக்காகக் கீபோர்டில் சுருதியை ஏற்றுவது பரவலான தவறு. பல்லவி சபையுடையது, சுருதியும் சபைக்கே.

கோர்ட் விஷயம் (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) தனியாகச் சொல்ல வேண்டியது. டி சுருதி மோகனத்தில் ம, நி கிடையாது. கீபோர்ட் வாசிப்பவர் பழக்கத்தில் அழுத்தும் ஜி மேஜர் கோர்டில் ம இருக்கிறது. ஏ மேஜரில் நி இருக்கிறது. இரண்டு முறை அழுத்தினால் மோகனம் காணாமல் போய்விடும். ச–ப மட்டும் வெறுமையாகப் பிடிப்பதும், இடையிடையே பி மைனரைத் தொடுவதும் போதும். பி மைனரில் உள்ள த, ச, க மூன்றும் ராகத்துக்குள்ளேயே இருக்கின்றன.

சரணத்தை ஓதும் முறை

சரணத்துக்கு நான்கு தொடர் கொண்ட ஓதுமெட்டு போதும். மேலே சொன்ன பல்லவிக்குப் பொருந்தும் ஒன்று:

1. பஞ்சமத்தில் ஓதி, த தொட்டு ப-வில் நிறுத்தம்.
2. பஞ்சமத்தில் ஓதி, க-வில் நிறுத்தம்.
3. தைவதத்தில் (த) ஓதி, ப-வில் நிறுத்தம்.
4. காந்தாரத்தில் (க) ஓதி, ரி-யில் நிறுத்தம்.

நான்காவது ரி-யில் அந்தரத்தில் நிற்பதால் பல்லவியின் முதல் ஸ்வரமான க-வைச் சபை தானாகவே எடுக்கும். அரை வசனங்கள் மூன்றே இருந்தால் மூன்றாம் தொடரை விட்டுவிடலாம். ஆறு இருந்தால் முதல் இரண்டையும் திரும்பப் பாடலாம். நான்காவதை மட்டும் விடக்கூடாது, அதுதான் சபைக்கு அழைப்பு.

முடிவு அசைவை எந்த எழுத்தில் தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கில ஓதுமெட்டில் அது கடைசி அழுத்தத்தை ஒட்டி வரும். அதை அப்படியே தமிழுக்கு எடுத்தால் அசைவு முழுவதும் ‘கிறார்’, ‘செய்வார்’ போன்ற வினைமுடிவில் போய் விழும். பொருளைத் தாங்கும் சொல்லோ தட்டையாக ஓதிய பகுதியில் கழிந்துவிடும். எனவே அசைவைக் கடைசிப் பொருட்சொல்லின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்பதில் ஸ்வரம் மாறுவது ‘மேய்ப்’பில், மிச்சம் உள்ளதெல்லாம் நிறுத்த ஸ்வரத்திலேயே பேச்சு வேகத்தில் போகும். சொல்லின் நடுவில் அசைவைத் தொடங்கவே கூடாது.

மிருதங்கமோ தபேலாவோ சரணத்தில் மௌனமாக இருக்க வேண்டும். ஓதலுக்கு அடியில் தாளம் ஓடினால் பாடுபவர் அதைத் துரத்தத் தொடங்குவார், எழுத்துகள் விழுங்கப்படும். பல்லவிக்கு இரண்டு எண்ணிக்கை முன்னதாக வாத்தியம் நுழைந்தால் போதும்.

நேரம், எதிரொலி, பழக்குதல்

பல்லவியைப் பாடகர் ஒருமுறை, சபை ஒருமுறை, பிறகு நான்கு சரணத்துக்கும் பின் ஒவ்வொரு முறை: ஆக ஆறு. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்றால் இரண்டு ஆவர்த்தனம் 16 விநாடி. ஆறு முறைக்கு 96 விநாடி. சரணத்துக்கு 25 விநாடி வீதம் இன்னொரு 100. மொத்தம் மூன்றே கால் நிமிடம். ‘பாடினால் நேரம் போகிறது’ என்ற முறைப்பாடு பெரும்பாலும் முகப்பு இசையாலும், சரணங்களுக்கு இடையே கீபோர்ட் வாசிக்கும் துணுக்குகளாலும் வருவது. அவற்றை வெட்டுங்கள், திருப்பாடலை வெட்டாதீர்கள்.

கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம் போன்ற உயர்ந்த குவிமாடக் கட்டடத்தில் ஒலி அடங்க நேரமாகும். அங்கே வேகமான சொற்கட்டுகள் குழம்பிவிடும். ஏழாம், எட்டாம் எண்ணிக்கைகளை உண்மையிலேயே காலியாக விட வேண்டும். மின்விசிறிகள் சுழலும் தாழ்கூரை மண்டபத்தில் நிலைமை நேர்மாறு: ஒலி உடனே செத்துவிடும், நீட்டல் குறைந்தால் சபை தனித்தனியாகிவிடும்.

பழக்க, வழிபாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் தேவை. முதலில் பல்லவியைத் தாளத்தோடு பேச வைக்க வேண்டும், மெட்டு பிறகு. பேசும்போதே இடறுகிற இடத்தில் பாடும்போதும் இடறும். அப்படி இடறினால் திருத்த வேண்டியது மெட்டைத்தான். வாத்தியம் இல்லாமல் இரண்டு முறை சரியாக வந்தால் நிறுத்திவிடலாம். பாடகர் குழு பல்லவியில் குரல்பிரித்துப் பாடுவதை முதல் இரண்டு ஞாயிறுக்காவது தவிர்க்க வேண்டும்; சபைக்கு எது மூல மெட்டு என்று தெரியாமல் போகும்.

மக்களுக்கான தாளில் பல்லவியை இரண்டு வரியாக, பாதிக்கு ஒரு வரியாக அச்சிடுங்கள். இடம் மிச்சம் பிடிக்க ஒரே வரியில் போட்டால் நடுமூச்சு போய்விடும். பாடகரின் தாளில் ஒவ்வொரு அரை வசனத்திலும் ஸ்வரம் மாறும் எழுத்தின் கீழ் ஒரு கோடு, மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு. மடிப்பு எந்த வசனத்தின் நடுவிலும் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.